தாழ்தல் என்னும் தன்வினை

தாழ்ந்தான் என்பது தன்வினை. தாழ்த்தினான் என்பது பிறவினை. தாழ்த்தப்பட்டான் என்பது செயப்பாட்டுவினை. பள்ளி இலக்கண வகுப்பில் இத்தகைய மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வந்தவர்கள் நாம். கிறித்தவம் தன் தலையாய அறங்களுள் ஒன்றாகப் போற்றும் 'தாழ்ச்சி', இம்மூன்றில் முதலாவதில் மட்டுமே உயிர்வாழ முடியும் என்பதே இங்கு நாம் முன்வைக்க விரும்பும் கருத்து. தானே தாழ்பவனுக்கு அது அறம். பிறரால் தாழ்த்தப்பட்டவனுக்கு அது அநீதி. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும்போது எங்கோ ஒரு மோசடி நிகழ்ந்துவிடுகிறது.

கத்தோலிக்க ஞானோபதேசம் தலையான பாவங்கள் ஏழு என வகுத்து, அவற்றுள் செருக்கை முதலில் வைத்தது. அதற்கு மருந்தாகத் தாழ்ச்சியைச் சொன்னது. குழப்பம் வகுப்பில் இல்லை, அது சொல்லப்படும் திசையில் இருக்கிறது. கொங்கு நாட்டில் பண்ணாடி வீட்டு வாசலில், தோளில் கிடக்க வேண்டிய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாய் நின்றவர்களின் பிள்ளைகளும் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்களை நோக்கி 'தாழ்ச்சியாய் இருங்கள்' என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்வதில் ஆன்மிகம் ஏதுமில்லை. குனிந்தே பழகிய முதுகுக்கு அது இன்னொரு சுமை. மேலே நிற்பவன் கீழே இறங்குவதே தாழ்ச்சி. நற்செய்தியில் சீடர்களின் பாதங்களைக் கழுவக் குனிந்தவர் அவர்களுடைய ஆசிரியர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அப்படி இறங்கியவர் ஒருவரின் கதை கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. கோவை மறைமாவட்டத்துக்கு வெளியே அவரைப் பற்றிப் பேசுவோர் அரிது.

மெல்கியோர் தெ மாரியோன் பிரெசியாக், பிரான்சின் தென்பகுதியிலுள்ள கஸ்தெல்னோதரி நகரில் 1813இல் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர். பாரிஸ் வேத போதக சபையில் சேர்ந்து 1842இல் புதுச்சேரி வந்தார். 1844இல் புதுச்சேரியில் கூடிய குருக்கள் மாமன்றம், இந்நாட்டவரையே குருக்களாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பிரெசியாக் அக்கருத்தைத் தன் வாழ்நாள் பணியாகவே எடுத்துக்கொண்டார். அங்கிருந்த குருமடத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. கோவைப் பகுதி புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டபோது அதன் தலைமைக்கு அவர் நியமிக்கப்பட்டார். 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, கருமத்தம்பட்டியில் அவருக்கு ஆயர் அபிஷேகம் நடந்தது. அப்போது வயது முப்பத்திரண்டு.

முப்பத்திரண்டு வயதில் ஒரு நிலப்பரப்பின் மேய்ப்பர், ஐரோப்பியர், பிரபு வம்சத்தவர். செருக்கு குடியேறுவதற்கு இதைவிட வசதியான வீடு கிடையாது. ஆனால் அவரை அலைக்கழித்தவை வேறு இரண்டு.

முதலாவது, இந்தியக் குருக்கள் பற்றியது. அவர்கள் என்றென்றும் வெள்ளையருக்குத் துணைவர்களாகவே இருக்க வேண்டியவர்கள் என்னும் எண்ணம் மிஷனரிகளில் பலருக்கு இயல்பாக இருந்தது. பிரெசியாக் அதை ஏற்கவில்லை. இந்நாட்டவர் திருச்சபையை ஏற்று நடத்தும் நாளில் அந்நியர் விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. தன்னைத் தேவையற்றவனாக ஆக்கிக்கொள்வதற்காகவே உழைப்பது என்று இதைச் சொல்லலாம்.

இரண்டாவது, 'மலபார் சடங்குகள்' என்று வரலாற்றில் அறியப்படும் சிக்கல். தத்துவ போதகர் காலத்திலிருந்து தொடர்ந்த வழக்கு அது. சாதி ஆசாரங்களில் எவை வெறும் உலக வழக்கு, எவை மூடநம்பிக்கை, எவற்றைக் கிறித்தவர் வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணை பிறப்பித்திருந்தார். அதைக் கடைப்பிடிப்பதாக ஒவ்வொரு மிஷனரியும் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். நடைமுறையோ வேறாக இருந்தது. பிரமாணம் செய்த கையோடு, கண்டும் காணாமல் நடந்துகொள்வதே வழக்கமாகிவிட்டிருந்தது. பிரெசியாக்கால் அவ்வாறு இருக்க முடியவில்லை. தெளிவான தீர்ப்பு வேண்டி உரோமைக்கு எழுதினார். பின்னர் நேரிலேயே சென்றார். மனச்சாட்சி ஒப்பாத ஒன்றைச் செய்துகொண்டு ஆயராக நீடிக்க இயலாது என்று பதவியைத் துறந்தார். 1855இல் அது ஏற்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரெசியாக்கைச் சாதி ஒழிப்புப் போராளியாக வரைவது வரலாற்றுக்குப் பொருந்தாது. சாதி வழக்கங்கள் பலவற்றைச் சமயஞ்சாராத சமூக வழக்கங்களாகக் கருதும் சாய்வு அவரிடம் இருந்தது. இன்றைய நம் அளவுகோலில் அது போதாது. நாம் மதிப்பது அவருடைய விடையை அல்ல. விடை தெரியாதபோது தெரிந்ததுபோல் அரியணையில் அமர்ந்திருக்க மறுத்ததை.

பதவி துறப்பதும் ஒருவகைச் செருக்கல்லவா, 'நான் மட்டுமே தூயவன்' என்று சொல்லிவிட்டு வெளியேறுவதல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். துறவின் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்துக் கைகொட்டிய துறவிகளை நம் மரபு நிறையவே கண்டிருக்கிறது. துறந்தவன் அடுத்து எங்கே போகிறான் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. பிரெசியாக் தாயகத்தில் மாளிகை தேடவில்லை. எவரும் போக அஞ்சிய மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தன்னை அனுப்புமாறு கேட்டார். அதற்கெனச் சபையொன்றை உருவாக்கச் சொன்னது உரோமை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க வேத போதக சபை பிறந்தது. 1859 மே மாதம் சியரா லியோனின் ஃபிரீடவுன் துறைமுகத்தில் அவர் இறங்கினார். ஆறே வாரங்களில், ஜூன் 25 அன்று, கொள்ளைக்காய்ச்சலில் மறைந்தார். உடன் வந்தவர்களில் பெரும்பாலோரும் அதே மாதத்தில் மாண்டார்கள். தன்னைத் தூயவனாகக் காட்டிக்கொள்ள நினைப்பவன், காண ஆளில்லாத கரையில் போய் இறங்க மாட்டான்.

கோவை மறைமாவட்டத்துக்கு முதல் இந்திய ஆயராக உபகாரசாமி நியமிக்கப்பட்டது 1940இல். பிரெசியாக் விலகி எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. அவரை வதைத்த அந்தப் பிரமாணம் நீக்கப்பட்டதும் அதே 1940இல்தான். 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை 'வணக்கத்திற்குரியவர்' என்று அறிவித்தார். நிறுவனங்கள் மெதுவாகத்தான் தாழ்கின்றன.

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழ்க் கத்தோலிக்கர் தம் மேய்ப்பரை 'ஆயர் ஆண்டகை' என்று அழைக்கிறார்கள். ஆயர் என்பவர் ஆடு மேய்ப்பவர். ஆண்டகை என்பவர் பெருமை மிக்கவர். முதற்சொல் தாழ்த்திய அளவை அடுத்த சொல் உடனே ஈடுகட்டிவிடுகிறது. கோயில்களின் அடிக்கல்லில் கொத்தனார் பெயர் இருப்பதில்லை. திறந்து வைத்தவர் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. பிற சபைகளின் நிலையும் வேறல்ல. திருச்சபைப் பதவிகளுக்கான வழக்குகள் நீதிமன்றப் படியேறுவது தமிழகத்தில் செய்தியாகக்கூடத் தோன்றாத அளவுக்குப் பழகிவிட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் சுவர் எழுப்பியவர்கள் கிறித்தவர்கள்தாம். மண்ணுக்குள் போன பின்னும் தாழ மறுக்கும் செருக்கை வேறெந்தப் பெயரால் அழைப்பது?

பக்தி மிகுந்த தனிமனிதர் இரவில் முழந்தாளிட்டுத் 'தாழ்ச்சி வேண்டும்' என்று மன்றாடுவது நல்லதே. ஆனால் செருக்கு அவருடைய நெஞ்சில் மட்டும் குடியிருக்கவில்லை. பங்குப் பேரவையின் நாற்காலி வரிசையிலும், திருவிழாவில் தேர்வடம் முதலில் தொடும் உரிமையிலும், எந்தத் தெருவுக்குத் தேர் போகும் என்ற முடிவிலும் அது கல்லாய் உறைந்திருக்கிறது. ஆகவே தாழ்ச்சியும் அங்கேதான் தொடங்க வேண்டும். தலைமுறையாய் முதல் மரியாதை பெற்ற குடும்பம் தானே முன்வந்து அதை விட்டுக்கொடுக்கட்டும். பதவிக்காலம் முடிந்தவர் மறுமுறை நிற்காமல், இதுவரை எவரும் அழைக்காத ஒருவரை அழைத்து அமர்த்தட்டும். தாழ்த்தப்பட்டவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவதைப் பிரசங்கிகள் சில ஆண்டுகளேனும் நிறுத்தி வைக்கட்டும்.

கருமத்தம்பட்டிச் செபமாலை மாதா திருவிழாவுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் கொங்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் திரள்கிறார்கள். அந்த ஊரில் ஆயர் முடி சூடிய ஒருவர் பத்தாண்டு முடியுமுன் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார் என்பதை, அங்கு மேடையேறும் பெரியவர்கள் ஒருமுறையேனும் மக்களுக்குச் சொல்லலாம். சொல்லும்போது, எதிரே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லாமல் தமக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னால் இன்னும் நல்லது.