கிண்ணத்தை எங்கே கொட்டுவீர்கள்?

"கடல் பெரிசு பிள்ளை, அது எல்லாத்தையும் தாங்கும்." மன்னாரில் வளர்ந்த எவருக்கும் இந்த வசனம் புதிதில்லை. மீன் வெட்டின கழிவைக் கரையில் தள்ளும்போது சொல்வார்கள், ஷொப்பிங் பையைக் காற்றில் விடும்போது சொல்வார்கள், இறால் பண்ணை வந்தால் என்ன வரும் என்று கேட்டாலும் இதையே சொல்வார்கள். இந்த வசனத்துக்கு எதிராகத்தான் எழுதுகிறேன். என் பக்கத்துச் சாட்சி ஒரு துண்டு எஸ்லோன் பைப், இரண்டு தண்ணீர்ப் போத்தல், மீன்தொட்டிக்குப் போடுகிற சின்ன பம்ப். இவற்றைச் சேர்த்தால் வருவது புரோட்டீன் ஸ்கிமர்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறவர்கள் ஸ்கிமர் வாங்குவதைப் பற்றிக் கதைக்கிறதைக் கேட்டால் கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருக்கும். எந்த நாடு, என்ன விலை, எத்தனை வருஷ உத்தரவாதம். கொழும்பில் விலை கேட்டால் தலை சுற்றும். உள்ளே நடக்கிறது என்னவோ நுரை தள்ளுகிற வேலைதான்.

மீன் தின்னும், கழிக்கும், உடம்பிலிருந்து வழுவழுப்பை விடும். மிஞ்சின தீனி ஊறி அழுகும். இந்தச் சேதனப் பொருளை பக்ரீரியா உடைக்கும்போது முதலில் அமோனியா, பிறகு நைத்திரைற்று, கடைசியில் நைத்திரேற்று. அமோனியா மீனைக் கொன்றுவிடும். சரி, அழுக முன்னமே அதை வெளியே எடுத்துவிட்டால்? அங்கேதான் குமிழி வருகிறது. புரதம் போன்ற மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், மற்றப் பக்கம் பிடிக்காது. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி ஒன்று போனால், பிடிக்காத பக்கத்தைக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான குமிழிகள் ஒரு குழாய்க்குள்ளால் ஏறும்போது அழுக்கையும் சுமந்துகொண்டு ஏறும். மேலே கழுத்து ஒடுங்குகிற இடத்தில் நுரையாகக் கட்டி, வழிந்து, ஒரு கிண்ணத்தில் விழும். சோளகம் அடிக்கிற மாதங்களில் தீவின் தென்கரையில் மஞ்சளாய் நுரை ஒதுங்குமே, அதுவும் இதே கதைதான். அங்கே அலை பம்பின் வேலையைச் செய்கிறது. உப்புத் தண்ணீரில் குமிழிகள் லேசில் ஒன்றோடொன்று சேராது, பொடியாகவே நிற்கும். நன்னீரில் சேர்ந்து பெருத்து, நுரை கட்ட முன்னமே உடைந்துவிடும். அதனால் தங்கமீன் வளர்க்கிற உங்கள் சித்தப்பாவுக்கு இந்தச் சாமான் உதவாது.

செய்வது பெரிய வித்தை இல்லை. மூன்று அங்குல பைப், இரண்டடி நீளம், அடி மூடி, நேராக நிற்க வேண்டும். அடியில் காற்றுக் கல். சின்னத் தண்ணீர்ப் பம்ப் ஒன்று தொட்டித் தண்ணீரை பைப்பின் மேற்பகுதிக்குத் தூக்கிவிடும். தண்ணீர் கீழே இறங்க, குமிழி மேலே ஏறும். எதிரெதிராக வருவதால்தான் அழுக்குக்கும் குமிழிக்கும் சந்திக்க நேரம் கிடைக்கிறது. அடியில் ஒரு துளை போட்டு மெல்லிய குழாயை மூட்டி, பக்கத்தாலே மேலே ஏற்றி, தொட்டிக்குள் திருப்பிவிடுங்கள். பைப்பின் வாயில், அடி வெட்டின போத்தலை இறுக்கிப் பொருத்தினால் போத்தலின் ஒடுங்கின கழுத்தே நுரைக்கு வழி. அந்தக் கழுத்து ஐஸ்கிறீம் டப்பா ஒன்றின் அடியைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தால், டப்பாதான் கிண்ணம். பக்கத்துக் குழாயை உயர்த்தினால் உள்ளே நீர்மட்டம் உயரும், தாழ்த்தினால் இறங்கும். முழு வித்தையும் அந்த ஒரு அங்குலத்தில் இருக்கிறது. மட்டம் கழுத்துக்குக் கிட்ட வந்தால் டப்பாவில் வெளிறின தேத்தண்ணி விழும். கொஞ்சம் இறக்கினால் நுரை காய்ந்து, கறுத்த பிளேன்ரீ மாதிரித் திரளும்.

சாதாரணக் காற்றுக் கல்லின் குமிழி இதுக்குப் பருமன் கூட. லைம்வுட் என்கிற மரக்கட்டைதான் வேணும். பெயரைக் கேட்டுவிட்டு தேசிக்காய் மரத்தைத் தறிக்கப் போகாதீர்கள், அது ஐரோப்பாவில் வளருகிற வேறொரு மரம். சில கிழமைகளில் கட்டை ஊறிக் குமிழி பருத்துவிடும், மாற்ற வேணும். இன்னொன்று: மீன் பொரித்த கையைத் தொட்டிக்குள் விட்டால் எண்ணெய் பட்டு நுரை படுத்துவிடும். பிறகு எழும்ப மணிக்கணக்காகும்.

வீட்டில் செய்தது கடைச் சாமானுக்கு ஈடாகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009ஐ ஒட்டிய காலத்தில் பல கம்பனிகளின் ஸ்கிமர்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். தண்ணீரில் இருந்த மொத்தச் சேதனக் காபனில் அவை எடுத்தது ஏறத்தாழ 20 முதல் 35 வீதம். விலை கூடினதுக்கும் குறைந்ததுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலாவது செய்தி, போத்தலோடு வேலை தொடங்குகிறவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம்: எவ்வளவு காசு கொடுத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீருக்குள்ளேயே நிற்கும்.

எடுத்த அந்த ஒரு பங்காவது ஒழிந்ததா? இல்லை, டப்பாவுக்குள் இருக்கிறது. யூரியூப் காணொளிகள் நுரை எழும்புகிற இடத்தில் பாட்டுப் போட்டு முடிந்துவிடும், டப்பாவை மோந்து பார்க்கச் சொல்வதில்லை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வைத்த 100 லீற்றர் தொட்டியில் விரலளவு மீன் மூன்றே மூன்று. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை டப்பாவைக் கழுவ வேண்டியிருந்தது. யாருடைய முறை என்பதில் எங்கள் நட்பே ஆட்டம் கண்டது. எங்கே கொட்டுவது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. பூமரத்துக்கு ஊற்றேலாது, உப்பு. கிணற்றடியில் ஊற்றேலாது, தீவின் நல்ல தண்ணீர் மணலுக்குள் மெல்லிய படையாக உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அதில் போய்ச் சேரும். கடலில் கொட்டு என்றார்கள். மூன்று மீனின் அழுக்கைக் கடல் தாங்கும், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இனிப் பாலம் தாண்டி, பெருநிலத்தில் வடக்கே விடத்தல்தீவுக்கு வாருங்கள். கண்டல் காடும் கடற்புல்லும் கடற்பசுவும் உள்ள அந்தக் கரையை 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை விடுவிக்க வர்த்தமானி வந்தது. காரணம் நீர்வாழ் உயிரினப் பண்ணை. சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் வரை போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்கு ஒரு வர்த்தமானியோடு முடியலாம், ஆசை முடியாது. கரையோரமாக வெறும் நிலம் தெரிகிற இடமெல்லாம் யாரோ ஒருவருக்குக் குளமாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஒரு ஹெக்டேயர் குளம், ஒரு மீற்றர் ஆழம் என்று வையுங்கள். ஒரு கோடி லீற்றர். எங்கள் தொட்டி மாதிரி ஒரு லட்சம் தொட்டி. 168 ஹெக்டேயரில் பாதியை மட்டும் குளமாக்கினாலும் 84 லட்சம் தொட்டி. தொட்டியையும் குளத்தையும் அப்படியே ஒப்பிடேலாது, குளத்தில் பாசியும் பக்ரீரியாவும் கொஞ்ச வேலை செய்யும். செய்யாத மிச்சம் தண்ணீர் மாற்றுகிற நாளும் அறுவடை நாளும் வாய்க்காலால் வெளியே வரும். மிஞ்சின தீனி, இறாலின் கழிவு, அடிச் சேறு. கண்டலும் கடற்புல்லும் இதில் ஒரு அளவை உறிஞ்சும், அதுதான் அவற்றின் தொழில். அளவு மிஞ்சினால் தண்ணீர் கலங்கும், கடற்புல்லின் இலையில் பாசி படரும், வெளிச்சம் படாமல் புல் சாகும். கடற்பசு அந்தப் புல்லைத்தான் தின்கிறது. வேடிக்கை என்னவென்றால், பண்ணைக்கு இடம் எடுக்க வெட்டப் பார்க்கிறது இதே கண்டலை. ஸ்கிமரைக் கழற்றி விற்றுவிட்டு அந்தக் காசில் மீன் வாங்கிவிடுகிற ஆளை நாங்கள் என்ன சொல்லுவம்?

இது கற்பனைப் பயம் என்பவர்கள் மன்னாரிலிருந்து தெற்கே, தூரமில்லை, புத்தளம் பக்கம் போய்ப் பார்க்கலாம். 1980களில் அங்கே இறால் பண்ணை பெருகியது. ஒல்லாந்தர் கால்வாய், முந்தல் களப்பு ஓரமெல்லாம் குளங்கள். தண்ணீர் எடுத்ததும் அந்தக் கால்வாயில், கழிவை விட்டதும் அதே கால்வாயில். ஒருவர் கொட்டின கிண்ணத்தை அடுத்தவர் தன் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது வைரஸுக்குப் பாதை ஏற்கெனவே வெட்டித் தயாராக இருந்தது. குளம் குளமாகச் செத்தது. பண்ணைகள் கைவிடப்பட்டன, உப்பேறின பள்ளங்கள் மிஞ்சின. வெட்டின கண்டல் அதுக்குப் பிறகு தானாகத் திரும்பி வரவில்லை.

"அது பழைய முறை, இப்ப நவீன தொழில்நுட்பம் இருக்கு" என்பது அடுத்த பதில். தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பாவிக்கிற பண்ணைகள் இருக்கிறதுதான். அவற்றிலும் எங்கள் போத்தலின் பெரியண்ணன்தான் நிற்கிறார், பக்கத்தில் வடிகட்டிகள். அவருக்கும் ஒரு கிண்ணம் உண்டு. சேறு தொன் கணக்கில் வரும், உப்புச் சேறு, வயலுக்குப் போடேலாது. பிறகு மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டின நாடு இது. பம்ப் நின்ற தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதைப் பார்த்தவர்களுக்கு, "சுத்திகரிப்பு இயந்திரம் பூட்டுவோம்" என்ற உறுதிமொழியின் எடை தெரியும். ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றுகிறதா, தண்ணீரை அப்படியே திறந்துவிடுகிறதா என்ற கேள்வி ராத்திரி இரண்டு மணிக்கு வரும்போது அங்கே அதிகாரி எவரும் நிற்கமாட்டார்.

கடலட்டைப் பண்ணையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கப் போகிறீர்கள். அட்டைக்குத் தீனி போடுவதில்லை, அது அடி மண்ணில் இருப்பதைத் தின்று வாழும். அங்கே சண்டை அழுக்கைப் பற்றியது இல்லை. கரை யாருடையது, வலை போடுகிற இடத்தில் யார் கம்பு நட்டார் என்பதைப் பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டிலும் தோற்போம்.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது: கடல் உயிரைத் தொட்டியில் போடுவதே பாவம், இதை ஏன் பெடியளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று. முருகைக்கல்லைப் பெயர்ப்பது சட்டப்படி குற்றம், அதை யாரும் செய்யச் சொல்லவில்லை. மீன்கூடத் தேவையில்லை. ஒரு வாளி கடல் தண்ணீரில் மீன் கழுவுங்கள். சூடை வேண்டாம், எண்ணெய் கூட. தண்ணீர்ப் பம்பும் வேண்டாம். பைப்பின் அடியில் நாலு துளை போட்டு வாளிக்குள் நிறுத்தி, கழுத்து நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே நிற்கிற மாதிரி வெட்டி, காற்றை விடுங்கள். பாடவேளை முடிய முன்னம் டப்பாவில் ஏதாவது சேரும். மற்ற ஊர்க்காரர் காசு கொடுத்து உப்புப் பொடி வாங்கிக் கரைக்க வேண்டிய இடத்தில் எங்களுக்குக் கடல் நடை தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கடலைப் பற்றிப் படித்தது கரும்பலகையில் மட்டும்தான். ஆய்வுகூட அலுமாரியின் திறப்பு யாரிடம் இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

"கலைப்பீடத்தில படிக்கிற உனக்கு ஏன் இந்த வேலை?" கம்பஸில் இதைக் கேட்காத ஆளில்லை. ஏ.எல்.லில் கலை எடுத்தவர் குழாயைத் தொடக்கூடாது, விஞ்ஞானம் எடுத்தவர் வர்த்தமானியை வாசிக்கத் தேவையில்லை என்று யாரோ கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டால் பயனடைகிறது மாணவர் இல்லை. வர்த்தமானியை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அமோனியா தெரியாது, அமோனியா தெரிந்தவர்கள் வர்த்தமானியைத் திறந்ததில்லை. பண்ணைக்காரருக்கு இதைவிட வசதியான ஊர் எங்கே கிடைக்கும்?

நாலு ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரினப் பண்ணைக்கு தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி வேணும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் அறிக்கையை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அப்படி ஒன்று வருகிற நாளில் முன்னுரையையும் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் தாண்டி நேரே வரைபடத்துக்குப் போங்கள். கழிவு வாய்க்கால் எந்த இடத்தில் கடலில் விழுகிறது? தண்ணீர் எடுக்கிற வாய் அங்கிருந்து எத்தனை மீற்றர்? சேற்றை எந்தக் காணியில் கொட்டப் போகிறார்கள், அதுக்குப் பக்கத்தில் எத்தனை கிணறு? சோளகத்திலும் வாடையிலும் நீரோட்டம் எந்தப் பக்கம்? கடைசிக் கேள்விக்கு விடத்தல்தீவில் தொழிலுக்குப் போகிற எந்த ஐயாவிடம் கேட்டாலும் பதில் வரும். மிச்சம் மூன்றுக்கும் பதில் அறிக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுதி, 30 நாளுக்குள் பதிவுத் தபாலில் போடுங்கள். ரசீதைத் துலைக்காதீர்கள்.