பொட்டலத்தில் போகும் உயிர்

ஒரு மீன்தொட்டியும் கைப்பேசியும் இருந்தால், கோலா பிலா தோட்டப்புறத்து வீட்டிலிருந்து கோத்தா பாருவில் உள்ள ஒருவருக்கு நீர்த்தாவரம் விற்றுவிடலாம். படிப்புச் செலவுக்குக் கைக்காசு தேடும் மாணவர்களுக்கு இது ஏற்ற சிறுதொழில். பெரிய முதலீடு வேண்டாம். வெட்டிய தண்டை நட்டால் மறுபடி வளரும். இதில் இறங்கும் இளையோரை நாம் வரவேற்கிறோம். இறங்குமுன், இந்தத் தொழிலின் பழைய கதையை அவர்கள் அறிந்திருப்பது நல்லது. அது நம் சொந்தக் கதையும்கூட.

லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், 1829-இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். அவர் எதிர்பாராமல் அந்த மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. உள்ளே எழுந்த நீராவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதால், தண்ணீர் ஊற்றாமலே அவை வாழ்ந்தன. அதுவரை உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் கப்பலிலேயே மடிந்துவந்த செடிகள், 1833-இல் வார்டின் கண்ணாடிப் பெட்டிகளில் சிட்னிவரை உயிரோடு போய்ச் சேர்ந்தன.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் 1,919 கன்றுகள் 38 வார்ட் பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரங்களின் பூர்வீகம் அந்தப் பெட்டிகள்தாம்.

அந்தப் பெட்டிகளில் வராமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருக்கும் பூஞ்சை நோய் ஒன்று உண்டு. ஹென்றி ஃபோர்டு 1928-இல் அதே தப்பஜோஸ் கரையில் பெருந்தோட்டம் தொடங்கினார். மரங்கள் நெருங்கி வளர்ந்ததும் நோய் புகுந்தது. 1945-இல் தோட்டத்தைப் பிரேசில் அரசிடமே விட்டுவிட்டு அவர் நிறுவனம் வெளியேறியது. ஒரே மரம்தான், இங்கே வாழ்ந்தது, அங்கே வீழ்ந்தது. அந்த ஒரு பூஞ்சை பெட்டியில் ஏறியிருந்தால் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாறே வேறாகியிருக்கும். ஆகவே, செடி உயிரோடு போய்ச் சேர்ந்ததா என்பதோடு, அதனுடன் வேறு என்ன சேர்ந்து போனது என்றும் கேட்கப் பழக வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை எளிது. தண்ணீர்ச் செடிதானே என்று பை நிறையத் தண்ணீர் ஊற்றுவது பலர் செய்யும் தவறு. குலுங்கும் நீரில் இலை கிழியும், எடை கூடிக் கட்டணம் ஏறும், வெதுவெதுப்பான நீரில் தண்டு அழுகும். ஈரக் காகிதத்தில் வேரைச் சுற்றி, கொஞ்சம் காற்றோடு பையை இறுகக் கட்டினால் போதும். இருட்டுப் பெட்டிக்குள் ஒளிச்சேர்க்கை இல்லை, சுவாசம் மட்டும் நடக்கிறது. வெப்பம் ஏற ஏறச் சேமித்த மாவுச்சத்து விரைவில் தீரும். தடித்த தண்டுள்ள அனுபியாஸ், ஜாவா பெரணி போன்றவை தாங்கும். மென்தண்டுச் செடிகள் வாடிவிடும். வெள்ளிக்கிழமை அனுப்பி, வாரயிறுதியில் கிடங்கில் வேகவிடுவதைவிடத் திங்கட்கிழமை அனுப்புவது மேல்.

இரண்டாவது கேள்விக்கு விடை அவ்வளவு எளிதன்று. 2021-இல் அமெரிக்காவில், மீன்தொட்டிக்கென விற்ற பாசிப் பந்துகளுக்குள் வரிச்சிப்பிகள் ஒட்டியிருந்தது சியாட்டில் கடையொன்றில் தெரியவந்தது. தேடிப் பார்த்தபோது பல மாநிலக் கடைகளிலும் அவை இருந்தன. ஏரிகளிலும் நீர்க்குழாய்களிலும் அடையாய்ப் பெருகும் உயிரி அது. சில வேளைகளில் செடியே வம்பாகிவிடும். சால்வினியா என்ற மிதக்கும் பெரணி, 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக இலங்கைக்குள் வந்தது. பாடத்துக்கு வந்த செடி பிறகு வயல்களையும் குளங்களையும் மூடியது. விதையே வேண்டாம், ஒடிந்த துண்டு ஒன்று போதும் அதற்கு. நம் அண்டை மாநிலமான பகாங்கின் தாசேக் சினியில் படர்ந்துள்ள கபோம்பாவும் மீன்தொட்டி வளர்ப்போர் விரும்பும் அழகுச் செடிதான். துண்டுகளிலிருந்தே அதுவும் பெருகும்.

இதற்காகத்தான் 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். நுழைவாயில்களில் அதிகாரிகள் சோதிப்பார்கள். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக்குக்குச் செடி அனுப்பவும் அனுமதி தேவை. ஒரே நாடுதானே என்று அனுப்பிவிட முடியாது. சுங்கப் படிவத்தில் ‘அலங்காரப் பொருள்’ என்று எழுதும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். விலை மலிவாக இருந்தாலும் அது கடத்தல்.

இடைநிலைப்பள்ளி அறிவியல் கழகங்கள் இதை ஒரு செயல்திட்டமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே செடியின் துண்டுகளை மூன்று விதமாகக் கட்டி, நான்கு நாள் இருட்டில் வைத்துப் பார்க்கட்டும். வாங்கிய செடியை மீன்தொட்டியில் இடுமுன் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து நத்தை முட்டை, சிப்பி, அந்நியப் பாசி உண்டா என்று குறித்து வரட்டும். வாளியின் தண்ணீரை வாய்க்காலில் கொட்டாமல் மண்ணில் ஊற்றட்டும். கத்தரித்த துண்டுகளை வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடட்டும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் சுங்கை பிலாவில் சேர்கிறது. சுங்கை பிலா சுங்கை மூவாரில் கலந்து ஜோகூர் கடற்கரைவரை போகிறது.