இரண்டாவது கார்டு

ஹைதராபாத் கொண்டாப்பூரில் என் அக்கா மகன் குடியிருக்கும் ஃபிளாட்டில், கோடை மாதங்களில் அவன் அறைப் பக்கம் யாரும் போவதில்லை. (சாதவாகனர் காலத்து நாணயங்கள் கிடைத்த கொண்டாப்பூர் இதுவல்ல. அது சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. இது சாஃப்ட்வேர்காரர்களின் கொண்டாப்பூர்.) இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் பூட்டிய கம்ப்யூட்டர் அங்கே ராத்திரி முழுக்க ஓடுகிறது. பையன் விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்து பிழைக்கிறான். ஒரு கார்டு இரண்டு ராத்திரி செய்யும் வேலையை இரண்டு கார்டு ஒரே ராத்திரியில் முடித்துவிடும் என்று கணக்குப் போட்டு, ஏற்கெனவே இருந்த ஆர்.டி.எக்ஸ். 3090-க்குத் துணையாக அதே ரகத்தில் இன்னொன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினான்.

கணக்கு தப்பில்லை. ஆனால் முதல் ராத்திரியே பாதி வேலையில் மெஷின் அணைந்து போனது. "கார்டு போச்சு மாமா" என்று போனில் அழாத குறை. கார்டு போகவில்லை. ஒவ்வொன்றும் 350 வாட் இழுக்கும். அதோடு, கண நேரத்துக்கு அதைத் தாண்டி எகிறும் பழக்கமும் இந்த ரகத்துக்கு உண்டு. அவனிடம் இருந்தது 850 வாட் பவர் சப்ளை. தன்னைக் காத்துக்கொள்ள அது கையை விரித்துவிட்டது.

இப்படி ஜோடி சேர்க்கும் ஆசை புதிதல்ல. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ 2 கார்டுகளை இரண்டாகப் பூட்டினால், திரையின் கோடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றை ஒவ்வொரு கார்டும் வரையும். அந்தக் கம்பெனி நொடித்து, அதன் சொத்துகள் என்விடியா கைக்குப் போயின. என்விடியா 2004-இல் எஸ்.எல்.ஐ. என்ற அதே மூன்றெழுத்தை வேறு விரிவாக்கத்தோடு கொண்டுவந்தது. மறு வருஷமே ஏ.டி.ஐ.யின் கிராஸ்ஃபயர் வந்தது. இம்முறை பெரும்பாலும் ஒரு காட்சி இந்தக் கார்டு, அடுத்த காட்சி அந்தக் கார்டு என்று பங்கீடு. இரண்டும் தாளம் தப்பினால் படம் விக்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக டிரைவரில் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. புதிய ஏற்பாடுகள் செய்வதை 2021 ஜனவரியோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. விளையாட்டுக்காக மட்டும் இரண்டாவது கார்டு வாங்குவதாக இருந்தால், அந்தக் காசை பேங்கில் போடுங்கள்.

உழைப்புக்கு என்றால் சங்கதி வேறு. 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த அலெக்ஸ்நெட், டொராண்டோவில் வெறும் இரண்டு ஜி.டி.எக்ஸ். 580 கார்டுகளில் பயிற்சி பெற்றது. ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. மெமரி. ஒன்றில் அடங்காததால் வலைப்பின்னலையே இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். இன்றைய ஏ.ஐ. கூச்சலுக்கெல்லாம் முன்னோடி, கடையில் விற்ற இரண்டு விளையாட்டுக் கார்டுகள்தான்.

கொண்டாப்பூருக்குப் பக்கத்தில் கச்சிபௌலியில் இருக்கும் ஐ.ஐ.ஐ.டி.யிலும் அதற்கு முன்பே இந்த வேலை நடந்திருக்கிறது. பேராசிரியர் பி.ஜே. நாராயணனும் பவன் ஹரீஷும் 2007-இல் 600 டாலர் விலையுள்ள ஒரே 8800 ஜி.டி.எக்ஸ். கார்டில், ஒரு கோடி முனைகள் கொண்ட வலையில் மிகக் குறுகிய பாதைகளை ஒன்றரை விநாடியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு வெளிவந்த அவர்களது குழுவின் இன்னொரு ஆய்வுக்குக் 'கருடா' என்று பெயர். சாதாரண பி.சி.க்கள் பலவற்றைச் சாதாரண நெட்வொர்க்கில் இணைத்து, திரைகளை அடுக்கி ஒரு சுவராக்கும் ஏற்பாடு. எல்லா மெஷினுக்கும் முழுக் காட்சியையும் அனுப்பாமல், எந்தத் திரையில் எது தெரியுமோ அதை மட்டும் பிரித்து அனுப்புவார்கள். ஒருமுறை வந்ததை அந்தந்த பி.சி. பத்திரப்படுத்திக்கொள்ளும். எத்தனை கார்டு என்பதைவிட, யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் அவர்களுடைய மூளை வேலை செய்திருக்கிறது.

நம் பையனுடைய அனிமேஷன் இந்த வகையில் அதிர்ஷ்டமுள்ள தொழில். ஒற்றைப்படை ஃபிரேம் ஒரு கார்டுக்கு, இரட்டைப்படை இன்னொன்றுக்கு என்று ஒதுக்கிவிட்டால் இரண்டும் பேசிக்கொள்ளவே தேவையில்லை. ஆனால் 24-ம் 24-ம் 48 ஜி.பி. ஆகிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. இரண்டையும் வேகமாக இணைக்கும் என்விலிங்க் பாலம், கடைக்கார ரகத்தில் 3090 வரிசையோடு முடிந்தது. 2022-இல் வந்த 4090-இல் அதற்கான வாயே இல்லை. டேட்டா சென்டருக்கு விற்கும் விலை உயர்ந்த கார்டுகளில் மட்டும் அது ஜோராக இருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி.யில் படித்திருக்க வேண்டியதில்லை.

2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தோண்டும் முறை மாறியபின், இரவு பகலாக உழைத்த கார்டுகள் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு வந்து குவிந்தன. ரிச்சி தெருவானாலும் செகந்திராபாத் செனாய் டிரேட் சென்டரானாலும், ஓட்டிக்காட்டச் சொல்லி அரை மணி நேரம் நின்று பார்த்து வாங்குவது நல்லது. 3090-க்குப் பின்பக்கத்திலும் மெமரி சில்லுகள் உண்டு. சூடு அங்கேதான் ஏறும். மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். நெருங்கி உட்கார்ந்தால் கீழே இருப்பது விடும் அனலை மேலே இருப்பது சுவாசிக்கும்.

அக்கா மகன் இப்போது 1,200 வாட் பவர் சப்ளை போட்டிருக்கிறான். ஒரு ராத்திரிக்குச் சுமார் 9 யூனிட், ஏ.சி. தனி. போன வாரம் போனில் பேசியபோது, இரண்டு கார்டுக்கும் மின்சார வரம்பை 350-லிருந்து 280 வாட்டாகக் குறைத்துவிட்டதாகச் சொன்னான். வேகம் கொஞ்சம்தான் குறைந்ததாம். அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். அந்த அறையில்தான் வடகம் காயப்போடப் போவதாக மிரட்டுகிறாளாம்.