கொல்லிமலை ஓடையும் பசுமை ஹைட்ரஜன் கணக்கும்

மலைத் தண்ணீரில் மின்சாரம், அந்த மின்சாரத்தில் பசுமை ஹைட்ரஜன், அதிலிருந்து புகையில்லாத உரம் என்று அடுக்கிச் சொல்கிறார்கள். கொல்லிமலையில் எழும் 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தை வைத்தே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியா ஒரு டன் செய்ய ஏறத்தாழ 178 கிலோ ஹைட்ரஜன். அந்த 20 மெகாவாட்டும் இரவு பகல் ஓய்வின்றி ஓடினால்கூட நாளுக்கு 50 டன் அம்மோனியா தேறுவதே அரிது. பெரிய யூரியா ஆலை ஒன்று தினமும் ஆயிரம் டன்னுக்கு மேல் கேட்கும். கொல்லிமலையின் ஆகாய கங்கையோ கோடையில் மெலிந்துவிடும் அருவி. 1960களில் நங்கலில் மின்னாற்பகுப்பு (மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிப்பது) மூலம் உரம் செய்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் பக்ரா அணை இருந்தது.

அப்படியானால் மின்வாரியக் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். நம் கம்பியில் வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம், யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 38 கிலோவுக்கு மேல் வந்துவிடும். இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பதிலேயே 10 கிலோதான்! 2023இல் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜனுக்கு வைத்த வரம்பு 2 கிலோ.

ஹைட்ரஜன் ஆலை ஊர்த் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும் என்ற எதிர்ப்பையும் நான் ஏற்கவில்லை. குளிர்விப்பையும் சேர்த்தாலும் கிலோவுக்குச் சில பத்து லிட்டர்தான்.

பெரிய ஓட்டை யூரியாவில் இருக்கிறது. யூரியா செய்ய அம்மோனியாவோடு கரியமில வாயுவும் வேண்டும். எரிவாயு ஆலையில் அது கூடவே கிடைக்கிறது. பசுமை ஹைட்ரஜனில் கிடைக்காது, வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். வயலில் தூவிய பிறகு அந்த வாயு காற்றுக்கே திரும்பிவிடுகிறது. மண்ணில் மிஞ்சும் தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது. அது கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆலை எவ்வளவு பசுமையானாலும் இது குறையாது.

கொல்லிமலைச் சரிவுகளில் உரப் பயன்பாடு பெருகியதை நேரில் பார்க்கலாம். சாமையும் தினையும் தொழுவுரத்தில் விளைந்த காடுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி ஏறியது. கூடவே உர மூட்டையும் மலையேறியது.

பசுமை ஹைட்ரஜன் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரியமில வாயு தேவைப்படாத டிஏபி உரத்துக்கும் நைட்ரிக் அமிலத்துக்கும் முதலில் போகட்டும். தூத்துக்குடிக் கரையில் அதற்கென்றே புதிதாக நிறுவும் காற்றாலை, சூரிய மின்சாரத்தில் அதைச் செய்யட்டும். கொல்லிமலையில் செய்ய வேண்டியது, தொழுவுரத்திலேயே விளையும் சாமைக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்துக் கொள்முதல் செய்வது.