விற்றவர் வைத்த பாக்கி, வாங்கியவர் தலையில்

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. வேலைநிறுத்த உரிமை, ஆட்குறைப்பு, வேலை நேரம் என்று எல்லோரும் பேசினார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இருபது முப்பது பேரை வைத்து ஓடும் உதிரிபாக ஷெட்டுகளின் விலை அன்றைக்கே மாறிப்போனதை யாரும் பேசவில்லை. மாறியது இயந்திரங்களின் விலையல்ல, புத்தகத்தில் எழுதப்படாத பாக்கியின் அளவு.

புதிய விதிப்படி, சம்பளத்தில் படிகள் பாதிக்கு மேல் போனால், கூடுதல் தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். பணிக்கொடை அந்த ஊதியத்தின் மேல்தான். மாதம் 36,000 ரூபாய் வாங்கும் ஒரு சிஎன்சி செட்டருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000 என்று காட்டப்பட்டிருந்தால், இனி கணக்கு 18,000. பத்தாண்டு வேலை செய்தவர் என்றால் அவர் ஒருவருக்கு மட்டும் ஏறத்தாழ 23,000 ரூபாய் கூடுகிறது. அதே நிலையில் இருபது பேர் இருந்தால் நாலரை லட்சத்துக்கு மேல். தொழிலாளிக்கு இது நியாயமாகச் சேர வேண்டிய பணம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேள்வி, யார் கொடுப்பது என்பதுதான். பத்தாண்டு லாபம் பார்த்தவர் விற்றுவிட்டுப் போய்விடுகிறார். பணிக்கொடை கேட்டு நிற்பவர்களின் எதிரில் இருப்பவர் நேற்று வாங்கியவர்.

இப்படிப்பட்ட ஷெட்டுகளை வாங்குகிறவர்கள் பெருமுதலாளிகள் அல்லர். அதே தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, வைப்பு நிதியை எடுத்து, வீட்டு நகையை அடகு வைத்து, சொந்தமாக நிற்க நினைப்பவர்கள். அவர்களுக்கு இயந்திரத்தைப் பார்க்கத் தெரியும். ஸ்பிண்டில் சத்தத்தை வைத்தே விலை பேசிவிடுவார்கள். காகிதத்தில் ஒளிந்திருப்பதைத்தான் பார்க்க வழியில்லை.

ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். தொழிலை விற்றாலும், தானம் கொடுத்தாலும், குத்தகைக்கு விட்டாலும், கைமாறிய நாள் வரையிலான வரி, வட்டி, அபராதம் அனைத்துக்கும் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே பொறுப்பு. அந்தப் பாக்கி கைமாறிய பிறகு தீர்மானிக்கப்பட்டாலும் பொறுப்பு. அதாவது, வாங்கும் நாளில் உலகத்தில் எந்த ஏட்டிலும் இல்லாத கடனுக்கும் வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 17பி பிரிவும் இதே கூட்டுப் பொறுப்பைச் சொன்னது. வாங்கிய சொத்தின் மதிப்பு வரைதான் என்ற வரம்பையாவது வைத்தது. மின்சாரத்துக்கும் விதிவிலக்கில்லை. பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைக் கட்டினால்தான் புதியவருக்கு இணைப்பு என்று வாரியங்கள் நிபந்தனை வைக்கலாம் என 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இந்த மண்ணில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வருமான வரித் துறையின் கோரிக்கை, அதையொட்டிச் சொத்து முடக்கம், பிறகு தமிழக அரசின் 2,400 கோடி ரூபாய் வாட் கோரிக்கை என்று வரிசையாக வந்தன. 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் ஆலையைக் கைமாற்றலாம் என்ற நிபந்தனையிலிருந்து 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் விலக்களிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஏப்ரலில் ஒப்பந்தத்தை முடித்தது, ஸ்ரீபெரும்புதூரை மட்டும் விட்டுவிட்டு. நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள், வேலையிழந்தார்கள். அந்த வளாகத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்கப்போகிறது என்ற அறிவிப்பு வர 2019 ஆனது.

ஐந்து ஆண்டுகள்! உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று, வழக்கறிஞர் படையோடு வந்து, பாக்கியைப் பார்த்து விலகிக்கொண்டது. விலகிக்கொள்ள முடிந்ததே, பாக்கி வெளியே தெரிந்ததால்தான். நம் சூப்பர்வைசருக்கு அது தெரிவதில்லை.

“நல்ல ஆடிட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே” என்பவர்கள் ஒரு ஷெட்டையும் வாங்கிப் பார்த்திராதவர்கள். ஜிஎஸ்டி தளத்தில் ரிட்டர்ன் தாக்கலானதா என்று எவரும் பார்க்கலாம். நோட்டீஸ் நிலுவையில் இருக்கிறதா என்பது விற்பவரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. விற்பவர் காட்டியதைத்தான் ஆடிட்டர் பார்ப்பார். “தொழில் என்றால் ரிஸ்க்தான்” என்ற இன்னொரு வாதம் பதிலுக்கே தகுதியற்றது. ஆர்டர் குறைவது தொழிலின் ரிஸ்க். அரசின் ஏட்டில் இருப்பதை அரசே மறைத்து வைப்பது ரிஸ்க் அல்ல, அநீதி.

இன்றைய நிலையில் வாங்குபவர் தானாகச் செய்யக்கூடியவை சில உண்டு. வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், மாதவாரியாகக் கட்டிய தொகையும் எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பதும் வரும். மூன்று ஷிப்டும் போய்த் தலைகளை எண்ணுங்கள். தளத்தில் பன்னிரண்டு, ஷெட்டில் முப்பது என்றால் அந்த இடைவெளிதான் உங்கள் எதிர்காலப் பாக்கி. வரிசையாக அடுக்கியிருக்கும் டைகளை, அதாவது உதிரிபாக அச்சுகளை, பார்த்து மயங்காதீர்கள்; பெரும்பாலும் அவை ஆர்டர் கொடுத்த கம்பெனியின் சொத்து. கம்பெனி கொடுத்த வெண்டர் கோடும், அதாவது சப்ளையர் என்ற அங்கீகாரமும், ஷெட்டோடு வருவதில்லை. உரிமையாளர் மாறினால் கம்பெனி மறுபடி தணிக்கைக்கு வரலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அந்தக் கம்பெனியே கைமாறும் காலம் இது: ஒரகடம் கூட்டு ஆலையில் நிசானிடமிருந்த 51 சதவீதப் பங்கை 2025இல் ரெனோ வாங்கிக்கொண்டது. சிப்காட் மனையென்றால் அது குத்தகை. சிப்காட்டின் ஒப்புதல் கையில் வராமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

ஆனால் இவ்வளவும் தனிமனிதரின் துப்பறியும் வேலை. அரை கிரவுண்டு மனை வாங்குபவருக்கு இந்த மாநிலம் வீட்டிலிருந்தபடியே வில்லங்கச் சான்று தருகிறது. முப்பது குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலுக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. சிறு, குறுந்தொழில் கடன் உத்தரவாத வரம்பை 5 கோடியிலிருந்து 10 கோடியாக மத்திய அரசு 2025 ஏப்ரலில் உயர்த்தியது. கடன் வாங்கு என்கிறார்கள். எதை வாங்குகிறாய் என்று காட்ட மறுக்கிறார்கள். மாநில அரசு ஒப்பந்தம் போடுகிறது, அடிக்கல் நாட்டுகிறது. புதிதாக வருபவருக்கு ஒற்றைச் சாளரம் இருக்கிறது. மூடப்போகும் ஷெட்டை எடுத்து நடத்த முன்வருபவர் மட்டும் வணிகவரி, வைப்பு நிதி, இஎஸ்ஐ, மின்வாரியம், சிப்காட், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று தனித்தனிப் படிகளில் ஏற வேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகளுக்கு ஆர்டர் இல்லாதது மட்டும் காரணமாக இருக்க முடியாது. தெரியாத பாக்கிக்குப் பயந்து வாங்க ஆள் வராததும் ஒரு காரணம் என்பேன்.

தொழில் விற்பனைக்கென்று ஒரே நிலுவைச் சான்றை அந்த ஒற்றைச் சாளரத் தளத்திலேயே தமிழ்நாடு தர வேண்டும். விற்பவரின் ஒப்புதலோடு விண்ணப்பித்த 30 நாளில் எல்லாத் துறைகளும் தொகையை எழுத வேண்டும், பணிக்கொடைக் கணக்கு உட்பட. எழுதாத துறை பிறகு வாங்கியவரிடம் கேட்கக் கூடாது. 85ஆம் பிரிவிலிருந்து, பின்னர் தீர்மானிக்கப்படும் பாக்கியையும் வாங்கியவர் மேல் சுமத்தும் பகுதியை நீக்கும்படி ஜிஎஸ்டி மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே தமிழகம் கேட்க வேண்டும். அதுவரை, சான்றில்லாத விற்பனைக்கு எந்த வங்கியும் கடன் தரக் கூடாது.