ஜிப்ஸி ஸ்டியரிங் ஆடுதா? டேம்பர் வாங்குறதுக்கு முன்னாடி கிங் பின்னைப் பாருங்க

மேம்பாலத்தின் இணைப்புப் பட்டையில் முன்சக்கரம் ஏறும்போது 'தடக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆட ஆரம்பிக்கும். பானெட் குலுங்கும், கை உதறும். வேகத்தை 30-க்குப் பக்கத்தில் கொண்டுவரும் வரை நிற்காது. பழைய மாருதி ஜிப்ஸி ஓட்டுபவர்களில் பலருக்கு இது தெரிந்த கதைதான். மெக்கானிக்குகள் 'வாப்ளிங்' என்பார்கள். ஆஃப்-ரோடு ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'டெத் வாபிள்'. பெயர் கொஞ்சம் அதிகம் என்று நினைப்பவர்கள், எதிரே லாரி வரும்போது இதை ஒருமுறை அனுபவித்தால் போதும்.

எனக்குக் கோபம் வருவது இதற்குச் செய்யப்படும் வைத்தியத்தைப் பார்த்துத்தான். முதல் தடவை போனால் வீல் பேலன்சிங். இரண்டாவது தடவை அலைன்மென்ட். மூன்றாவது தடவை, "டேம்பர் மாத்திடலாம் சார், சரியாயிடும்." சரியாகவும் ஆகும், சில மாதங்களுக்கு.

ஸ்டியரிங் டேம்பர் என்பது படுக்கவைத்த ஒரு ஷாக் அப்சார்பர். ஆட்டத்தை அமுக்கும், ஆட்டம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் தேய்மானத்தைத் தொடவே தொடாது. காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை போடுகிற மாதிரி. உள்ளே தேய்மானம் வளர்ந்துகொண்டே இருக்கும். புது டேம்பரும் ஒருநாள் தளரும். அப்போது ஆட்டம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

ஏன் ஆடுது? ஜிப்ஸியின் முன் ஆக்ஸில் இடமிருந்து வலம் வரை ஒரே துண்டு. லீஃப் ஸ்பிரிங் மேல் நிற்கிறது. இரண்டு சக்கரங்களையும் டை ராடு கட்டிப்போட்டிருக்கிறது. ஒன்று திரும்பினால் இன்னொன்றும் திரும்பியே ஆக வேண்டும். இணைப்புகள் இறுக்கமாக இருந்தால், பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சி ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். எங்காவது பிளே இருந்தால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளிவிடுவதுபோல ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததை வளர்க்கும். ஜிப்ஸி டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 8 தடவை சுற்றுகிறது. பேலன்ஸ் இல்லாத சக்கரம் என்றால் நொடிக்கு 8 தடவை தள்ளிவிட ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் பேலன்சிங் வீண் என்று சொல்லவில்லை. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மெலிதாக அதிர்ந்து, அதைத் தாண்டியதும் அடங்கினால் பேலன்சிங் அல்லது டயர்தான் காரணம். பிரேக் போடும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்க. பள்ளத்தில் விழுந்ததும் தொடங்கி, வேகம் குறைக்கும்வரை நிற்காத ஆட்டம் வேறு. அதற்கு வண்டிக்குக் கீழே போயே ஆக வேண்டும்.

முதலில் இன்ஜினை அணைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டட்டும். இன்னொருவர் கீழே படுத்து டிராக் லிங்க், டை ராடு எண்டு, ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், லீஃப் ஸ்பிரிங் புஷ் என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால், அந்த இணைப்பு தேய்ந்துவிட்டது.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்க (வெறும் ஜாக்கியை நம்பி கீழே போகாதீங்க). டயரைக் கடிகாரத்தின் 12, 6 நிலைகளில் பிடித்து ஆட்டுங்க. அசைவு இருக்கிறதா? இப்போது ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. அசைவு காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின் பேரிங். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமலேயே டேம்பர் பில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சக்கரம் இடம் வலம் திரும்புவதே கிங் பின் மேல்தான். ஒவ்வொரு நக்கிளிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் ரோலர்கள் அதே இடத்தில் இடித்து இடித்துக் குழி விழுந்துவிடும். நக்கிள் ஆயில் சீல் கிழிந்து, ஓடையில் இறக்கிய தண்ணீர் உள்ளே போனால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். குழி விழாமல் வெறுமனே தளர்ந்திருந்தால், ஷிம் ஒன்றைக் குறைத்து இறுக்கத்தைச் சரிசெய்யலாம். குழி விழுந்திருந்தால் பேரிங்கும் அதன் கப்பும் சேர்த்து மாற்ற வேண்டும். ஷிம் வேலைக்கு ஆகாது. ஹப் வரைக்கும் கழற்ற வேண்டிய, கை முழுக்க கிரீஸ் ஆகிற வேலை. டேம்பர் என்றால் இரண்டு போல்ட்டோடு முடிந்துவிடும். மெக்கானிக் எதை முதலில் சொல்வார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அலைன்மென்ட்டெல்லாம் இதற்குப் பிறகுதான். பிளே இருக்கும் வண்டிக்கு டோ அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்குரூவை இறுக்கி ஆட்டத்தை நிறுத்தப் பார்ப்பதும் தப்பு. திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் பிடிக்கும், உள்ளே கியர் தேயும்.

இதில் நாமே இழுத்துவிட்டுக்கொள்வதும் உண்டு. உயரத்துக்காக முன்னால் நீளமான ஷாக்கிள் போட்டால் ஆக்ஸில் முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் கோணம் குறையும். சக்கரத்தை நேராக ஓட வைப்பதே அந்தக் கோணம்தான். அதோடு கனமான பெரிய டயரையும் மாட்டிவிட்டு, "வண்டி ஆடுது" என்று புலம்புகிறோம். படம் எடுக்க நல்லாத்தான் இருக்கும். உயரம் வேண்டுமென்றால் கேஸ்டரைச் சரிசெய்யும் ஆப்புத் தகட்டையும் சேர்த்தே போடுங்க.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் பிரேக்கைக் குத்தாதீங்க. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆனால் அதோடு மல்லுக்கட்டாமல், ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையவிட்டு ஓரம்கட்டுங்க.

ஜிப்ஸியின் பொது விற்பனை 2019 வாக்கில் நின்றுபோனதால் இனி சந்தைக்கு வருவதெல்லாம் பழைய வண்டிதான். ஊருக்குள் 30-ல் ஓட்டிப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீங்க, அந்த வேகத்தில் எந்த ஆட்டமும் தெரியாது. கீழே குனிந்து பாருங்க. எல்லாம் துருவும் சேறுமாக இருக்கும் இடத்தில் டேம்பர் மட்டும் பளபளன்னு புதுசா இருந்தா, அது எதுக்குப் போட்டாங்கன்னு விற்பவரிடம் கேளுங்க. பதில் எதுவாக இருந்தாலும் ஜாக்கியை எடுக்கச் சொல்லுங்க.