கிறீம் டப்பாவின் பின்பக்கம்



மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்த வீட்டில், நகைக்கும் உடுப்புக்கும் ஓடித்திரிகின்ற அவசரத்துக்கு நடுவே, சத்தமில்லாமல் இன்னொரு சாமானும் வந்து சேருகின்றது. "நாற்பது நாளில் நல்ல நிறம் வரும்" என்று மாமியோ மச்சியோ வாங்கிக் கொடுக்கின்ற ஒரு சிறிய கிறீம் டப்பாதான் அது. அரிசியைக் கல் பார்த்து வாங்குகின்ற நாம், மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்குகின்ற நாம், பிள்ளையின் முகத்தில் பூசப்போகின்ற இந்தச் சாமானை மட்டும் மூடியிலுள்ள படத்தைப் பார்த்து வாங்கிவிடுகின்றோம். இம்மாதம் அந்த டப்பாவைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்போமா?

பெட்டியின் முன்பக்கம் விற்பவருடையது. குங்குமப்பூ, முத்து, பால், தங்கம் என்று அவர் எதையும் போடலாம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கின்ற பட்டியல்தான் வாங்குபவருடையது. அதை வாசிப்பதற்கு ஒரு சின்ன விதி இருக்கிறது. எது அதிகமாகச் சேர்ந்திருக்கிறதோ அது முதலில் வரும். குறையக் குறையப் பின்னுக்குப் போகும். நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவானவற்றை மட்டும் விரும்பிய ஒழுங்கில் எழுதலாம். பட்டியலின் முடிவுக்குக் கிட்ட பினொக்சிஎத்தனோல் என்ற பெயரைப் பெரும்பாலும் காண்பீர்கள். கிறீம் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதற்காகச் சேர்ப்பது. ஐரோப்பிய சட்டப்படி அதனை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சேர்க்க முடியாது. ஆகவே அதற்குப் பிறகு எழுதப்பட்டுள்ள குங்குமப்பூவும் முத்துத் தூளும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று விளங்கிக்கொள்ளலாம். நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பெயருக்குத்தான்.

பட்டியலின் தொடக்கத்திலுள்ள நாலைந்து பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க் கிறீமிலும் ஐயாயிரம் ரூபாய்க் கிறீமிலும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் இருப்பார்கள். அக்வா என்றால் தண்ணீர். ஸ்டெயரிக் அமிலமும் சிற்றைல் அற்ககோலும் கிறீமைக் கட்டியாக்குகின்ற மெழுகு வகைகள். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். பெட்ரோலேற்றம் என்பது நாங்கள் வசலின் என்று சொல்கின்ற சாமான். 1872 இல் அமெரிக்காவில் ரொபட் செஸ்புரோ என்பவர் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து இன்றுவரை அதன் வேலை ஒன்றுதான்: தோலின் மேல் ஒரு மூடிபோலப் படிந்து, உள்ளே இருக்கின்ற ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பது. வெடித்த குதிகாலுக்கும் காய்ந்த உதட்டுக்கும் இதற்கு ஈடாக விலையுயர்ந்த சாமான் தேடத் தேவையில்லை. பரு வருகின்ற முகத்துக்கு மட்டும் ஒத்துவராது.

கிளிசரினை அப்படியே பூசினால் பிசுபிசுக்கும். தண்ணீரோ பன்னீரோ கலந்து பூசுங்கள். ஐந்து வேளையும் வுழுச் செய்கின்றவர்களுக்கு, அதிலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருக்கின்ற வீட்டுப் பெண்களுக்கு, தோல் காய்ந்து சொரசொரப்பாவது புதினமல்ல. முகத்தையும் கையையும் துடைத்த பின்னர், ஈரம் முற்றாகக் காயுமுன் கிளிசரின் சேர்ந்த சாதாரண கிறீம் ஒன்றைப் பூசிக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

இனி நிறத்துக்கு வருவோம். உண்மையில் எல்லோரும் கேட்பது அதைத்தானே!

தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். தோலின் அடிப்பகுதியிலுள்ள கலங்கள் அதனைச் செய்து மேலே அனுப்புகின்றன. வெயிலின் தீங்கிலிருந்து தோலைக் காக்கின்ற குடையும் அதுவே. வெண்மையாக்கும் கிறீம்கள் யாவும் ஒன்றில் மெலனின் உண்டாவதைத் தடுக்கின்றன, அல்லது மேலே போவதைத் தடுக்கின்றன, அல்லது மேல்தோலை உரித்துவிடுகின்றன.

இவற்றில் சாதுவானது நியாசினமைட். விற்றமின் பி3 இன் ஒரு வடிவம். மெலனின் மேலே போவதை ஓரளவு தடுக்கும். 1975 இல் இந்தியாவில் அறிமுகமாகி எங்கள் வீடுகளிலும் இடம்பிடித்த பெயார் அன்ட் லவ்லியில் பெரிதாகச் சொல்லப்பட்டதும் இதுதான். அந்தக் கிறீம் 2020 இல் குளோ அன்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது; பெண் பார்க்க வருகின்றவர்கள் கேட்கின்ற கேள்வி இன்னும் மாறவில்லை. நூற்றுக்கு 2 முதல் 5 வரையான அளவில் நியாசினமைட் பூசினால், பரு வந்து போன கறுப்பு அடையாளங்கள் சில மாதங்களில் சற்று மங்கலாம். பிறவி நிறத்தை அது மாற்றாது. எந்த நல்ல கிறீமும் மாற்றாது. அப்படியானால் பத்தே நாளில் முகம் வெளுக்கச் செய்கின்ற கிறீமில் என்ன இருக்கிறது? மூன்று பெயர்களைச் சொல்கின்றேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது பாதரசம். மெலனினை உண்டாக்குகின்ற நொதியத்தின் வேலையை நிறுத்திவிடுவதால் தோல் விரைவில் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகின்றது. வடிகட்டி பழுதாகி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும், சிறுநீர் நுரைக்கும், காலும் கண் இமையும் வீங்கும். கைநடுக்கம், தூக்கமின்மை, மறதி, எரிச்சல் என்று நரம்புகளையும் தாக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பூசுகின்றவரோடும் முடிவதில்லை. தலையணை உறையிலும் துவாயிலும் ஒட்டிக்கொள்ளும். ஆவியாக அறைக் காற்றிலும் கலக்கும். உம்மாவின் கன்னத்தில் முகம் புதைத்துத் தூங்குகின்ற கைக்குழந்தைக்கும் சேரும். கிறீமைத் தொட்டே பார்த்திராத பிள்ளைகளின் உடம்பில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்ட சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன.

2013 இல் உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, ஒரு கிலோ கிறீமில் ஒரு மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்தால் அதனை உற்பத்தி செய்வதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் 2020 உடன் நிறுத்தவேண்டும் என்றது. 2023 இல் அந்தச் சிறு சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே கூடாது என்று தீர்மானித்தார்கள். பல நாடுகளில் பிடிபட்டுச் சோதிக்கப்பட்ட கிறீம்களிலோ அந்த ஒரு மில்லிகிராமைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருந்திருக்கிறது. இது எங்கோ தூரத்துப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். இத்தகைய கிறீம்களை ஒழிப்பதற்காக 2023 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த மூன்று நாடுகள் காபொன், ஜமைக்கா, நமது இலங்கை.

பாதரசம் சேர்ப்பவர்கள் அதனைப் பட்டியலில் எழுதுவது அபூர்வம். எழுதினாலும் கலமெல், மேர்கியூரியஸ் குளோரைட், மேர்கியூரிக், அமோனியேற்றட் மேர்கியூரி என்று இருக்கும், சிலவற்றில் எச்.ஜி. என்ற இரண்டெழுத்து மட்டும் இருக்கும். ஆனால் வேறொரு அடையாளம் இருக்கிறது. "தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர் ஆகியவற்றில் படவிடாதீர்கள்" என்றோ, "நகைகளைக் கழற்றிவிட்டுப் பூசுங்கள்" என்றோ உபயோகிக்கும் முறையில் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்துகொள்ளும் குணமுடையது. மோதிரத்துக்கு ஆகாத சாமான் முகத்துக்கு எப்படி ஆகும்?

இரண்டாவது ஹைட்ரோகுயினோன். இது வைத்தியர்கள் கையாளுகின்ற மருந்துதான். கர்ப்ப காலத்திலும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாவிக்கும்போதும் கன்னத்தில் படர்கின்ற கரும்படலத்துக்கு, சில மாதங்களுக்கு மட்டும் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். கணக்கில்லாமல் வருடக்கணக்கில் பூசினால், வெளுப்பதற்காகப் பூசிய இடமே நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும். இதனை 1975 இலேயே தென்னாபிரிக்காவில் கண்டு எழுதினார்கள். வந்த கறுப்பைப் போக்குவது மிகக் கடினம். தென்னாபிரிக்கா 1990 இல் அழகுசாதனங்களில் இதனைத் தடைசெய்தது. ஐரோப்பாவில் 2001 இலிருந்து தடை. அமெரிக்காவில் 2020 இலிருந்து வைத்தியரின் துண்டில்லாமல் விற்க முடியாது.

மூன்றாவதுதான் எங்கள் வீடுகளில் இலேசாக நுழைந்துவிடுவது. ஸ்டெரொயிட். கிளோபெற்றசோல், பீற்றாமெத்தசோன், மொமெற்றசோன் என்று "சோன்", "சோல்" என முடிகின்ற பெயர்கள். (எல்லா "சோல்" முடிவும் ஸ்டெரொயிட் அல்ல, பூஞ்சண மருந்துகள் சிலவும் அப்படித்தான் முடியும்.) கரப்பானுக்கும் கடும் அரிப்புக்கும் இவை அருமையான மருந்துகள். கிளோபெற்றசோல் சாதாரண ஹைட்ரோகோட்டிசோனைவிடப் பலநூறு மடங்கு வீரியமானது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். இதை முகத்தில் பூசினால் இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளுத்ததுபோலத் தோன்றும், பருவும் அடங்கும். முதல் மாதம் எல்லோரும் "மாஷா அல்லாஹ், என்ன பூசுகிறாய்?" என்று கேட்பார்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் தோல் கடதாசிபோல மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரியத் தொடங்கும். பரு இரட்டிப்பாகும், கன்னத்தில் பூனைமயிர் வளரும், அடுப்படி வெக்கைக்கே முகம் எரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகச் சிவந்து வீங்குவதால் பிள்ளை பயந்துபோய் மறுபடியும் அதையே பூசும். இந்த வலையிலிருந்து தானாக வெளிவருவது கஷ்டம்.

லேபல் எதுவுமில்லாத வெள்ளை டப்பாவில் "நைட் கிறீம்" என்று அழகு நிலையங்களிலும் பேஸ்புக்கிலும் விற்கப்படுகின்றவற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. வாசிப்பதற்குப் பின்பக்கமே இல்லாத சாமானை வாங்கவேண்டாம். விற்கின்ற சகோதரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அவருக்கே அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமலிருக்கலாம்.

"நாங்கள் மூலிகைதான் பாவிக்கிறோம்" என்கின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்களத்தில் வெனிவெல் என்கின்ற மரமஞ்சளும் சந்தனமும் கற்றாழையும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளவை, பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. ஆனால் டப்பாவில் இலை படம் இருப்பதனால் உள்ளேயும் இலைதான் இருக்கிறது என்று ஆகாது. இன்னொன்று, தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். அதிலுள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டு, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பை விட்டுவிடும்.

சிற்றைல் அற்ககோல் என்ற பெயரைக் கண்டு கிறீமையே வீசிவிடுகின்ற சகோதரிகளும் உண்டு. அது மது அல்ல. தென்னெண்ணெய், பாம் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுகின்ற மெழுகுக் கட்டி. ஸ்டெயரில் அற்ககோலும் அப்படியே. எத்தனோல், அற்ககோல் டினேட் என்று இருந்தால் அதுதான் மதுசாரம். கிளிசரினும் ஸ்டெயரிக் அமிலமும் தாவர எண்ணெயிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். பட்டியலைப் பார்த்து எது என்று கூற இயலாது, உற்பத்தியாளரிடம்தான் கேட்கவேண்டும். கொலாஜன் மீனிலிருந்தும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுகின்றது. சிவப்புச் சாயத்தில் சீ.ஐ. 75470 என்றிருந்தால் அது ஒரு பூச்சியிலிருந்து வருவது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். அவர்களிடம் எதைப்பற்றிக் கேட்பது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

நிறம் மங்காமல் இருக்கவேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகின்றவர்களுக்கு என் சிபாரிசு, அந்தக் காசுக்கு வெயில் தடுப்புக் கிறீம் ஒன்றை வாங்குங்கள் என்பதுதான். சிங் ஒக்சைட், டைட்டேனியம் டையொக்சைட் ஆகியவை வெயிலின் புறஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் தடுக்கும். எஸ்.பி.எப். 30 என்றிருந்தால் போதும். அது தோலைச் சுடுகின்ற கதிர்களில் நூற்றுக்கு 97 ஐத் தடுக்கும். ஆனால் பொட்டளவு பூசினால் அந்தக் கணக்கு சரிவராது; முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்கவேண்டும். கன்னத்தில் கரும்படலம் உள்ளவர்கள் அயர்ன் ஒக்சைட் சேர்ந்த, மண்ணிறச் சாயலுள்ள வகையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகின்ற வெளிச்சமும் அந்தப் படலத்தைக் கூட்டும்; அதைத் தடுப்பதற்கு இந்த மண்ணிறம்தான் உதவும்.

ஏற்கெனவே சந்தேகமான கிறீம் ஒன்றைப் பிள்ளை பூசிக்கொண்டிருந்தால் ஏசவேண்டாம், மறைத்துப் பூசத் தொடங்கிவிடும். பாதரசம் என்று சந்தேகமிருந்தால் உடனே நிறுத்தி, டப்பாவை இறுக மூடிப் பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள். எரிக்கவோ கானில் ஊற்றவோ வேண்டாம். துவாயையும் தலையணை உறையையும் மாற்றிவிடுங்கள். வைத்தியரிடம் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஸ்டெரொயிட் என்றால், எப்படி நிறுத்துவது என்பதையே தோல் வைத்தியர்தான் சொல்லவேண்டும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்க் கிளினிக் நடக்கிறது. இப்படியான கிறீமை விற்கின்ற கடையைப்பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்த டப்பாவையும், அது வந்த பெட்டி இருந்தால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மூடியில் ஒட்டியிருக்கின்ற மிச்சக் கிறீமைக் கழுவிவிடாதீர்கள். சோதிப்பதற்கு அது தேவைப்படும்.